'நாளைக்கு வாங்க'னு சொல்ற டெய்லருக்குக் காத்திருக்க வேணாம்... உங்க குர்தியை நீங்களே தைக்கலாம்!

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கு. ஆபீஸ் முடிஞ்சு, சத்தி ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து, துணிக்கவரோட டெய்லர் கடைக்குப் போறீங்க. "அடுத்த வெள்ளிக்கிழமை குடுத்தர்றனுங்க"னு பதில் வருது. எந்த மாசத்து வெள்ளிக்கிழமைனு அவங்களும் சொல்றதில்ல, நீங்களும் கேட்கிறதில்ல. சரி, ரெடிமேடே வாங்கிடலாம்னு ஆன்லைனில் ஆர்டர் போட்டா, தோள் சரியா இருந்தா இடுப்பு பிடிக்குது. இடுப்பு சரியா இருந்தா கை தொளதொளன்னு தொங்குது. பாக்கெட்? அதைக் கேட்கவே கூடாது.

இதுல உங்க உடம்பு மேல எந்தத் தப்பும் இல்ல. நாம போடுற எம், எல், எக்ஸ்.எல் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு அளவு அட்டவணைகளை வெச்சு, ஒவ்வொரு பிராண்டும் தன் இஷ்டத்துக்கு மாத்திக்கிட்ட அளவுகள். இந்தியர்களுக்குன்னு ஒரு அளவு அட்டவணை வேணும்னு மத்திய ஜவுளித்துறையும் நிஃப்ட் கல்வி நிறுவனமும் சேர்ந்து 'இந்தியாசைஸ்' திட்டத்தையே கொண்டுவந்தாங்க. 3டி ஸ்கேனரில் 25,000 பேரை அளக்கறதுதான் திட்டம். அதுக்குத் தேர்ந்தெடுத்த ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங். நாட்டுக்கே பனியன் தெச்சுக் குடுக்கிற நம்ம பக்கத்து ஊர் எதுவும் அதுல இல்ல!

அந்த அட்டவணைக்காகக் காத்திருக்கணுமா என்ன? ஒரு இன்ச் டேப், ஒரு மிஷின், தினமும் 40 நிமிஷம் இருந்தா போதும். மூணு மாசத்துல நீங்க போட்டுக்கிட்டு ஆபீஸ் போற மாதிரி ஒரு குர்தி தெச்சுடலாம்.

துணிக்கு நடுவுலதான் இருக்கோம்

தைக்கக் கத்துக்க கோவையை விட வசதியான ஊர் தமிழ்நாட்டுல குறைவு. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் நூற்பாலையை ஆரம்பிச்சார். 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் வரிசையா முளைச்சது. இன்னைக்கு சோமனூர் பக்கம் விசைத்தறி, நெகமத்துல காட்டன் புடவை, சிறுமுகையில் பட்டு, சென்னிமலையில் பெட்ஷீட், பவானியில் ஜமக்காளம்னு எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் ஒரு துணி ஊர்ல இறங்கலாம். 2011-ல் கோவை மாநகராட்சியோட இணையும் வரை சரவணம்பட்டி ஒரு பேரூராட்சிதான். ஐ.டி பார்க்குகள் வந்து ஆள் முகமே மாறிப்போச்சு. ஆனா, ஃபேஷன் டெக்னாலஜியையும் டெக்ஸ்டைல் டெக்னாலஜியையும் பாடமா சொல்லித்தர்ற குமரகுரு கல்லூரி இந்தப் பக்கம்தான் இருக்கு. அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால இருக்கிற பழைய தெருக்கள்ல மதியம் நடந்தா இப்பவும் மிஷின் சத்தம் கேட்கும்.

துணி வாங்க டவுன்ஹால் பக்கம் ஒப்பணக்கார வீதி, ராஜ வீதி, காந்திபுரம் கிராஸ்கட் ரோடு போதும். ஒருநாள் லீவு போட முடிஞ்சா ஈரோடு கனி மார்க்கெட் போயிட்டு வாங்க. திங்கள் ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கிற வாரச்சந்தை அது. திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் துணி சல்லிசா கிடைக்கும்தான். ஆனா அந்த ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டி வைங்க. பனியன் துணி இழுத்தா நீளும், நேர்த்தையல் நீளாது. டி-ஷர்ட்டை நேர்த்தையல்ல தெச்சுட்டு தலையை நுழைச்சா 'படக்'னு நூல் அறுந்துரும். அதுக்கு ஜிக்ஜாக் தையலும், முனை உருண்டையான 'பால் பாயின்ட்' ஊசியும் வேணும். இதெல்லாம் ரெண்டாம் வருஷப் பாடம்.

எந்த மிஷின் வாங்கறது?

ரெண்டு வழிதான். ஒண்ணு, நம்ம அம்மா, பாட்டி வீட்ல இருக்குமே, அந்தக் கறுப்பு மிஷின். நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஆனா கால்ல மிதிச்சு ஓட்டலாம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரன்ட் போனாலும் வேலை நிக்காது. சின்னச் சின்ன ரிப்பேரை எந்தத் தெரு மெக்கானிக்கும் பார்த்துருவார். இன்னொண்ணு, மேஜை மேல வெச்சு ஓட்டுற எலெக்ட்ரிக் ஜிக்ஜாக் மிஷின். இடம் அடைக்காது, ஓரம் பிசிறாம அடிக்கும், பட்டன் ஹோல் போடும். வேலை முடிஞ்சதும் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம். பி.ஜி-யில, சின்ன ஃபிளாட்ல இருக்கிறவங்களுக்கு இதுதான் ஒத்துவரும்.

எங்க கருத்து: வீட்ல ஏற்கெனவே ஒரு பழைய மிஷின் தூசி படிஞ்சு கிடந்தா, புதுசு வாங்காதீங்க. எண்ணெய் போட்டு, பெல்ட் மாத்தி, புது ஊசி போட்டா முக்கால்வாசி மிஷின்கள் உயிர் பிழைச்சுக்கும். ஊருக்குப் போறப்ப அம்மாயி வீட்டுப் பரண்ல ஒரு தடவை எட்டிப் பாருங்க. மூணு மாசம் அதுல ஓட்டிப் பார்த்து, ஆசை குறையலைன்னா அப்புறம் ஜிக்ஜாக் வாங்கிக்கலாம். '75 டிசைன் போடும்'கிற விளம்பரத்துக்கு மயங்க வேணாம். நேர்த்தையல், ஜிக்ஜாக், பட்டன் ஹோல் மூணைத் தாண்டி நீங்க அதிகம் தொடப்போறதில்ல.

சின்ன இடைச்செருகல். இயந்திரங்கள் மேல அவ்வளவா பிரியம் இல்லாத காந்தி, விதிவிலக்கா ஏத்துக்கிட்ட ஒண்ணு சிங்கர் தையல் மிஷின். 1924-ல் சாந்திநிகேதன் மாணவரா இருந்த ஜி.ராமச்சந்திரனோட நடந்த உரையாடல்ல இதைச் சொன்னார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாடி திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமத்தை உருவாக்கினவர். மனைவி கையால தெச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து, அன்பால சிங்கர் அந்த மிஷினைக் கண்டுபிடிச்சார்னு காந்தி நம்பினார். நிஜத்துல ஐசக் சிங்கர் பல பெண்களோட குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அப்பாவான மனுஷன். 1851-ல் அவர் காப்புரிமை வாங்கின மிஷின் மட்டும் நல்ல மிஷின்தான்!

நேரம் எங்கிருந்து வரும்?

எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். ஒரே ஞாயித்துக்கிழமையில குர்தியை முடிச்சுடணும்னு உக்கார்றோம். மதியச் சமையல், துணி துவைக்கிற வேலை, உறவுக்காரங்க போன்னு பாதியில நின்னுரும். அப்புறம் அந்த வெட்டின துணி ஆறு மாசம் பையிலயே கிடக்கும்.

வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சுக்கங்க. முதல் நாள் துணியை நனைக்கிறது. காட்டன் துணி முதல் தண்ணியில சுருங்கும். நனைக்காம தெச்சா, முதல் துவைப்புக்கு அப்புறம் குர்தி உங்க தங்கச்சிக்குத்தான். ராத்திரி ஊறப்போட்டு, நிழல்ல காயவெச்சு, லேசா ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணி மடிச்சு வைங்க. அளவு குறிக்கிறது இன்னொரு நாள். வெட்டுறதை மட்டும் காலை நேரத்துக்கு, மனசு தெளிவா இருக்கிற நேரத்துக்கு வைங்க. தப்பா தெச்சதைப் பிரிச்சுத் தைக்கலாம், தப்பா வெட்டினதை ஒட்ட முடியாது. தோள் இணைக்கிறது ஒரு நாள், கழுத்து ஒரு நாள், கை ரெண்டு நாள், சைடு ஒரு நாள், ஓரம் மடிச்சு அடிக்கிறது ஒரு நாள். ஒவ்வொண்ணும் அரை மணியில இருந்து முக்கால் மணி வேலைதான்.

ராத்திரி பத்து மணிக்கு மேல தைக்கிறவங்க மிஷினுக்கு அடியில ஒரு பழைய யோகா மேட்டை மடிச்சுப் போடுங்க. கீழ் வீட்டுக்காரங்க வாழ்த்துவாங்க. குழந்தைகள் இருக்கிற வீடுன்னா, எத்தனை குண்டூசி எடுத்தோம்னு எண்ணி எடுத்து எண்ணி வைங்க. ஒரு சின்னக் காந்தத் துண்டு இருந்தா தரையில விழுந்ததைத் தேட வசதி.

பிளவுஸ்ல ஆரம்பிக்காதீங்க!

'பிளவுஸ் தெச்சுப் பழகினா செலவு மிச்சம்'னு நேரா அதுல இறங்குறவங்கதான் சீக்கிரம் மிஷினுக்கு உறை போட்டு மூடுறாங்க. உடம்போட ஒட்டி நிக்கணும், லைனிங் வேணும், டாட் வேணும், கால் இன்ச் தப்பினாலும் தெரியும். தையல்ல இருக்கிறதுலயே கஷ்டமான உடுப்பு அது.

முதல்ல பழைய வேட்டி ஒண்ணைக் கிழிச்சு, பேனாவால கோடு போட்டு, கோட்டு மேலயே ஓட்டிப் பழகுங்க. ரெண்டு நாள் போதும். அடுத்து தலையணை உறை. நாலு நேர்க்கோடு, நாலு மூலை. மூலையில ஊசியைத் துணிக்குள்ள இறக்கி வெச்சுட்டு, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி ஓட்டணும். இந்த ஒண்ணு கைவந்துட்டா பாதி பயம் போயிரும்.

மூணாவது, எலாஸ்டிக் வெச்ச ஸ்கர்ட். உங்க இடுப்புக்குக் கீழ அகலமான சுற்றளவு 38 இன்ச்னா, அதோட ஒன்றரை மடங்கு, அதாவது 57 இன்ச் சுற்று துணி எடுத்துக்கங்க. நீளத்தோட எலாஸ்டிக் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் மூணரை இன்ச் கூடுதல். எலாஸ்டிக்கை இடுப்புச் சுற்றளவை விட ரெண்டு இன்ச் குறைச்சு வெட்டுங்க. அம்மாவோட பழைய காட்டன் புடவையில இருந்து இதை வெட்டினா, பார்டரே கீழ் ஓரமா வந்துரும். மடிச்சு அடிக்கிற வேலையும் மிச்சம். சைடுல ஒரு பாக்கெட் வைங்க. போன் உள்ள போகணும், அதுக்காகத்தானே இவ்வளவும்!

இனி குர்தி

டெய்லர்கிட்ட போறப்ப 'அளவு டாப்' எடுத்துட்டுப் போவோமே, அந்தப் பழக்கம்தான் இங்க கைகொடுக்கும். உடம்பை அளந்து ஃபார்முலா போடுறது எல்லாம் அப்புறம் கத்துக்கலாம். உங்களுக்குப் பிடிச்ச, இழுத்தா நீளாத துணியில தெச்ச ஒரு குர்தியை நீளவாக்குல சரிபாதியா மடிச்சு, நாளிதழ்த் தாள்கள் மேல வைங்க. பென்சிலால சுத்தி வரைஞ்சுக்கங்க. சைடுல ஒரு இன்ச், தோள், கழுத்து, கைக்குழியில அரை இன்ச், கீழ ரெண்டு இன்ச் தையலுக்குக் கூட்டி வெளிக்கோடு போட்டு வெட்டுங்க. உங்க பேட்டர்ன் ரெடி.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் ரெண்டே வித்தியாசம்தான். முன்கழுத்து இன்னும் இறங்கும். முன் கைக்குழி, பின்பக்கத்தை விட அரை இன்ச் உள்வாங்கி வளையும். இந்த அரை இன்ச்சை விட்டுட்டா அக்குள் பக்கம் துணி சேர்ந்து நிக்கும். கடையில வாங்கின சில குர்திகள்ல அப்படி நிக்கிறதுக்கு, வேகமா வெட்டறதுக்காக ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டினதும் ஒரு காரணமா இருக்கலாம்.

துணி எவ்வளவு? 44 இன்ச் அகலத் துணியில 42 இன்ச் நீளக் குர்தின்னு வெச்சுப்போம். மடிப்புக்கு மூணு இன்ச் சேர்த்தா 45. இடுப்புச் சுற்று 40, தாராளத்துக்கு நாலு, தையலுக்கு நாலு சேர்த்தா 48. முன்பக்கம் 24, பின்பக்கம் 24. ரெண்டும் 44 இன்ச்சுக்குள்ள பக்கத்துப் பக்கத்துல அடங்காது, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணுதான் வெக்கணும். அப்போ 90 இன்ச், ஏறக்குறைய 2.3 மீட்டர். பக்கத்துல மிஞ்சுற 20 இன்ச் பட்டையில கை வெட்டிக்கலாம். கடைக்காரங்க "ரெண்டரை எடுத்துக்குங்க"னு சொல்றதுக்குப் பின்னால இருக்கிற கணக்கு இதுதான். பூ டிசைன் ஒரே திசையில நிக்கிற துணின்னா இன்னும் கொஞ்சம் கூட வேணும், இல்லைன்னா முதுகுல பூ தலைகீழா பூக்கும்.

வெட்டுறப்ப ஞாபகம் வெச்சுக்க வேண்டியது, மடிப்பு. துணியை மடிச்சு வெச்சு வெட்டுறதால, கழுத்து அகலம் ஆறு இன்ச் வேணும்னா மூணு இன்ச்தான் குறிக்கணும். ஆறு குறிச்சா பன்னிரண்டு இன்ச் கழுத்து வரும், அது தோள்ல நிக்காது. கழுத்தை எப்பவும் வேணுங்கிறதை விட அரை இன்ச் சின்னதாவே வெட்டுங்க. பெருசாக்க எந்த நேரமும் முடியும். அதேபோல துணியோட நீள இழை குர்தியோட நீளத்துல வரணும். துணி மிச்சம் பிடிக்கிறேன்னு கோணலா வெச்சு வெட்டினா, துவைச்சதும் ஒரு பக்கம் முறுக்கிக்கும்.

தைக்கிற வரிசை: தோள் ரெண்டையும் இணைச்சு, கழுத்தை முடிச்சு, சைடு தைக்கிறதுக்கு முன்னாடியே, துணி தட்டையா கிடக்கும்போதே கையை வெச்சுருங்க. கடைசியா கை முனையில ஆரம்பிச்சு, அக்குள் வழியா, சைடு ஓப்பன் வரைக்கும் ஒரே ஓட்டம். பழகுறவங்களுக்கு இதுதான் சுலபமான முறை. கழுத்துக்கு, துணியை மூலைவாக்குல ஒன்றரை இன்ச் அகலத்துல வெட்டின 'கிராஸ் பீஸ்' வெச்சுத் தைங்க. மூலைவாக்குல வெட்டின துணி வளைஞ்சு குடுக்கும், நேரா வெட்டினது சுருங்கி நிக்கும். தெச்சதும் வளைவு முழுக்க, தையலைத் தொடாம, சின்னச் சின்னக் கட் குடுத்துட்டு உள்பக்கமா திருப்புங்க. கட் குடுக்கலைன்னா கழுத்து எத்தனை தடவை அயர்ன் பண்ணாலும் படியாது.

அயர்ன் பாக்ஸ் பக்கத்துலயே இருக்கட்டும். ஒவ்வொரு தையல் முடிஞ்சதும் ஒரு தடவை தேய்ச்சுட்டுத்தான் அடுத்தது. வீட்டுத் தையலுக்கும் கடைத் தையலுக்கும் கண்ணுக்குத் தெரியுற வித்தியாசத்துல பாதி, தையல்ல இல்ல, தேய்ப்புல இருக்கு. சைடுல ஒரு இன்ச் துணியை உள்ள விட்டு வைக்கிற நம்ம ஊர் டெய்லர்களோட பழக்கத்தையும் விட்டுராதீங்க. உடம்பு கூடும், குறையும். பிரிச்சு விட ஒரு இன்ச் இருந்தா அந்த உடுப்புக்கு ஆயுசு கூடும்.

மிஷின் மக்கர் பண்ணுதா?

துணிக்கு அடியில நூல் கூடு மாதிரி சுத்திக்கிட்டா, எல்லாரும் பாபினைத் திட்டுவாங்க. ஆனா பெரும்பாலும் குற்றவாளி மேல் நூல்தான். பாதத்தைத் தூக்கி வெச்சுட்டு, மேல் நூலை முழுசா எடுத்து மறுபடி கோத்துப் பாருங்க. பாதம் இறங்கி இருந்தா டென்ஷன் தட்டுகள் இறுகி இருக்கும், நூல் அதுக்குள்ள போய் உக்காராது.

தையல் விட்டு விட்டு விழுந்தா ஊசி வளைஞ்சிருக்கும், இல்ல தப்பாப் பொருந்தியிருக்கும். தட்டையான பக்கம் எந்தத் திசையில நிக்கணும்கிறது மிஷினுக்கு மிஷின் மாறும். அதனால பழைய ஊசியைக் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. சாதா காட்டனுக்கு 14-ம் நம்பர் ஊசி, மெல்லிசு துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16. ரெண்டு மூணு உடுப்புக்கு ஒரு தடவை ஊசியை மாத்துங்க. ஊசிதான் இதுல மலிவான பொருள். அதுல மிச்சம் பிடிச்சு நல்ல துணியைக் கெடுக்க வேணாம். துணி வெட்டுற கத்தரியில மட்டும் யாரையும் பால் பாக்கெட் வெட்ட விடாதீங்க, அது குடும்பத்துல சண்டை வந்தாலும் பரவாயில்ல.

வீடியோ போதுமா, கிளாஸ் வேணுமா?

ஸ்கர்ட் வரைக்கும் யூடியூப் போதும். கை வெக்கிறது, பிளவுஸ் கட்டிங் ரெண்டுக்கும் பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லித் தர்றதுக்கு ஈடு இல்ல. உங்க தெரு டெய்லர் அக்காகிட்டயே கேட்டுப் பாருங்க, பலரும் மதிய நேரத்துல சொல்லித் தர்றாங்க. ஃபீஸை மட்டும் பேரம் பேசாதீங்க. ஒரு கழுத்தை நீங்களே நாலு தடவை பிரிச்சுத் தெச்சதுக்கு அப்புறம், ஒரு பிளவுஸுக்கு அவங்க வாங்குற கூலி எவ்வளவு குறைச்சல்னு தானா புரியும்.

முறையா படிக்கணும்னா, எட்டாம் வகுப்பு முடிச்சவங்களுக்கு ஐ.டி.ஐ-களில் 'சூயிங் டெக்னாலஜி' ஒரு வருஷப் படிப்பு இருக்கு. கிராமப்புற இளைஞர்களுக்காக வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்துற 'ஆர்செட்டி' மையங்கள்ல தையல் பயிற்சி இலவசம். தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துற தொழில்நுட்பத் தேர்வுகள்ல தையலும் ஒரு பாடம், லோயர், ஹையர்னு ரெண்டு நிலை. இதையே தொழிலா எடுத்துக்க நினைக்கிறவங்களுக்கு அந்தச் சான்றிதழ் உதவும்.

உங்க வீட்ல வேலைக்கு வர்ற அக்காவோ, தெரிஞ்சவங்களோ கணவரை இழந்தவங்களாவோ, கைவிடப்பட்டவங்களாவோ, மாற்றுத்திறனாளியாவோ இருந்து, தையலும் தெரிஞ்சிருந்தா, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தைப் பத்தி அவங்ககிட்ட சொல்லுங்க. 20 வயசுல இருந்து 40 வயசு வரைக்கும் விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு உண்டு, தையல் தெரியும்கிறதுக்குச் சான்றிதழ் கேட்பாங்க. மாவட்ட சமூகநல அலுவலகத்துல போய்க் கேட்டா இப்போதைய விதிமுறைகளையும் தேவையான ஆவணங்களையும் சொல்வாங்க.

உங்க முதல் குர்தியைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போற அன்னைக்கு, "எனக்கும் ஒண்ணு தெச்சுக் குடேன்"னு குறைஞ்சது மூணு பேர் கேட்பாங்க. அடுத்தவங்க உடம்புக்குத் தைக்கிறது வேற வித்தை. இப்போதைக்கு கடை விலாசத்தையும் 'ரெண்டரை மீட்டர்' கணக்கையும் மட்டும் அவங்களுக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க.